ஒரு கார்டுக்கு ஒரு புத்தகம்

“நாலே கால் பஸ்ஸுல ஆபீசர் வர்றாராம். காத்தாயியைப் பார்க்கணுமாம்” என்றாள் அம்சம்.

ஊஞ்சலில் இருந்த கணவர் குஞ்சிதபாதம் கையிலிருந்த புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார். “தாசில்தாரா?”

“லைப்ரரி ஆபீசர். நூலக வாரமாம். இந்த வட்டாரத்துலயே அதிகம் படிச்சவ அவதானாம். எட்டு வருஷத்துல நானூத்திப் பதினேழு புஸ்தகம். நம்ம வாசல்லயே வெச்சுத் துண்டு போர்த்தப் போறாங்களாம். பஞ்சநதம் சொல்லி அனுப்பியிருக்கார்.”

நூலகர் பஞ்சநதத்துக்கு விஷயம் தெரியும். ஒரு கார்டுக்கு ஒரு புத்தகம்தான். குஞ்சிதபாதத்துக்கு அது ஒரு பொழுதுக்கே போதாது. தன் வயலில் வேலை செய்யும் இளையபெருமாள், அவன் மனைவி காத்தாயி உள்பட ஐந்து பேர் பெயரில் கார்டு எடுத்தார். வாரம் இருமுறை காத்தாயி கூடையில் கொண்டுபோய்க் கொடுத்து, வேறு வாங்கி வந்து கொல்லைப்படியில் வைத்துவிட்டுப் போவாள்.

பிறகு நில உச்சவரம்பைக் குறைத்துச் சட்டம் வந்தது. மிஞ்சிய நிலத்தை யார் பெயரிலாவது எழுத வேண்டியிருந்தது. அவர் தேடவே இல்லை. அதே ஐந்து பெயர்கள். அவர்களிடம் சொல்லவும் இல்லை.

“ஊர்ல அவனவன் நிலத்தைத்தான் பதுக்குறான். நீங்க புஸ்தகத்தையும் சேர்த்துப் பதுக்குனீங்க” என்றாள் அம்சம். “எனக்குப் படிக்கவே தெரியாதுன்னு அவ சொல்லட்டும். கார்டு பொய்யின்னா, இன்னும் என்னென்ன இவங்க பேர்ல இருக்குன்னு நோண்ட மாட்டாங்களா? மறுநாளே விவசாய சங்கத்துக்காரங்க கொடியோட வயல்ல நிப்பாங்க.”

“முதல்ல லைப்ரரி புஸ்தகத்தைத் தனியா எடுப்போம்.”

அது எளிதாக இல்லை. சன்னலில், மாடிப்படியில், சாமி அலமாரியின் கீழ்த்தட்டில், தஞ்சாவூரில் வாங்கியவையும் நூலகத்தவையும் கலந்து கிடந்தன. வருடக்கணக்கில் திருப்பாதவையும் இருந்தன; பஞ்சநதம் கேட்டதில்லை. பத்தாயத்திலும் புத்தகம்தான். கூலிச் சண்டையில் அறுவடை நின்ற வருடம் அதில் நெல் இல்லை. அப்போது ஏறிய புத்தகங்கள் பிறகு இறங்கவில்லை.

ஒவ்வொன்றாகப் பிரித்து, தேதிச் சீட்டைப் பார்த்தார். அறுபத்தாறு ஆகஸ்ட். ஆற்றில் தண்ணீர் வராமல் நாற்று காய்ந்த மாதம். அறுபத்தேழு மார்ச். ஆட்சி மாறி, கடைத்தெருவில் வெடி போட்டார்கள். இவர் மாடியில் முந்நூறாம் பக்கத்தில் இருந்தார். எழுபது வைகாசி. மகள் புருஷன் வீட்டுக்குப் போன வாரம். ஒரே கதையை இரண்டு முறை படித்தார்.

வருடங்கள் எல்லாம் இந்தச் சீட்டுகளில் இருந்தன. பேசத்தான் யாரும் இருந்ததில்லை. அம்சத்திடம் கதை சொல்ல ஆரம்பித்தால் அடுப்பில் பால் இருக்கிறது என்பாள்.

“ரசிச்சது போதும். அவ வந்துட்டா.”

காத்தாயி கொல்லைப்படியில் நின்றாள். முழங்கால் வரை நடவுச் சேறு.

“படிச்சேன்னு மட்டும் சொல்லு” என்றார். “என்ன கதைன்னு கேட்டா இதைச் சொல்லு. ஒரு டாக்டர். ஊருக்குப் புதுசா வர்றான். காலராவுல பாதி சனம் போயிடுது. பண்ணையார் கெணத்தைத் திறந்துவிட மாட்டேங்கறான்...” சொல்லச் சொல்ல அவருக்கு ஆபீசர் மறந்துபோனார். கிணறு திறக்கும் இடத்தில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சரிங்க அய்யா” என்றாள் காத்தாயி.

ஆபீசர் ஜெக்கரியா குடையை மடக்கிக்கொண்டே வந்தார். வாசலில் வைத்து அவளுக்குத் துண்டு போர்த்தினார். “கடைசியா என்னம்மா படிச்சீங்க?”

காத்தாயி குஞ்சிதபாதத்தை ஒருமுறை பார்த்தாள்.

“கப்பல்காரங்க கதைங்க. மூணு அண்ணன் தம்பி. நடுவுலவன் கடல்ல போயிட்டான்னு கருமாதியே பண்ணிடுறாங்க. ஆனா வீட்டுக்கு மொட்டைக் கடுதாசி எழுதிக்கிட்டிருந்ததே அவந்தாங்க. பெரியவன்னு நெனச்சு நாமதான் ஏமாந்துபோறோம்.”

“ஐயோ!” என்றார் குஞ்சிதபாதம். அந்தப் புத்தகம்தான் ஊஞ்சலில் கவிழ்ந்து கிடந்தது. அவருக்கு இன்னும் நாற்பது பக்கம் பாக்கி.

“நல்லா இருந்துச்சா?” என்றார் ஆபீசர்.

“மொதல்ல இழுவைங்க. ஆத்தாக்காரி சாவுற எடத்துலேருந்து தேவலாம்.”

ஆபீசர் வாய் நிறையச் சிரித்து, காபி குடித்து, திரும்பும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

“முடிவைச் சொல்லிட்டியே, பாவி!” என்றார் குஞ்சிதபாதம். குரலில் கோபம் இல்லை. “எங்க கத்துக்கிட்ட?”

“சங்கத்துப் பள்ளிக்கூடத்துல எழுத்துக் கூட்டினேங்க. மிச்சம் உங்க புஸ்தகத்துலதான். வர்ற வழியில மதகுல உக்காந்து படிப்பேன். முடியலன்னா மறுநாள் கொண்டாருவேன். லைப்ரரி பூட்டியிருந்துச்சுன்னு சொல்லுவேன்ல, அந்த நாளெல்லாம்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். எத்தனை வருடம்! அவர் அழுத பக்கங்களில் அவருக்கு முன்பே ஒருத்தி இருந்திருக்கிறாள். கிணற்றைத் திறந்தபோது அவளும் அழுதாளா என்று கேட்க வேண்டும்.

“உள்ள வா, காத்தாயி. எல்லாத்தையும் பாரு. எது வேணுமோ எடுத்துக்க.”

அம்சம் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவர் கவனிக்கவில்லை.

காத்தாயி நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள். மடியிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

“போன மாசம் திருப்பிக் கொண்டுபோன புஸ்தகத்துல, பக்க அடையாளத்துக்கு இதை வெச்சிருந்தீங்க அய்யா. வடக்கு வாய்க்கால் ஆறு மா நிலத்துக்குக் கிஸ்து வரி கட்டுன ரசீது. பட்டாதாரர் காத்தாயி, இளையபெருமாள் மனைவின்னு போட்டிருக்கு. நம்ம ஊர்ல அது யாருங்க?”