இன்னும் மூணு வாரம்

"மணல் மூட்டையைத் தூக்க முடியுது. பெத்த அப்பாவைத் தூக்க முடியலையா?"

கேட்டது நான்தான். அதுவும் மாமனார் காதுல நல்லா விழற மாதிரி.

எதிர்ல தலையைக் குனிஞ்சு நின்னவர் என் கொழுந்தன். ஃபர்னிச்சர் கடையில டெலிவரி வேலை பார்த்தவர். பீரோவைத் தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏறும்போது சறுக்கி விழுந்து, முதுகுல டிஸ்க் விலகிடுச்சு. அஞ்சு மாசமா வீட்டோடதான் இருக்கார்.

மாமனாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருஷம் ஆச்சு. வலது பக்கம் முழுக்க விழுந்துடுச்சு, பேச்சும் சரியா வராது. கட்டில்லேர்ந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலேர்ந்து கட்டிலுக்குன்னு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது அவரை மாத்தணும். என் வீட்டுக்காரர் லாரியை எடுத்துக்கிட்டுப் போனார்னா வாரக் கடைசியிலதான் வருவார். மிச்சம் யாரு? நான்தான்.

கொழுந்தனைக் கூப்பிட்டா ஒரே பதில்தான். "பிசியோ மேடம் இன்னும் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, அண்ணி."

நாற்காலிக்கு பிரேக் போடுவார், தலையணையைச் சரி பண்ணுவார், துணி மடிச்சு வைப்பார். தூக்க மட்டும் மாட்டார். ஆனா காலையில ஒரு மணி நேரம் பாயில படுத்து முழங்காலை மடக்கறது என்ன, இடுப்பைத் தூக்கறது என்ன, பூனை மாதிரி முதுகை வளைக்கறது என்ன! நான் துடைப்பத்தோட அவரைச் சுத்திக்கிட்டுப் போகணும். "ராஜ வாழ்க்கை"ன்னு வாய்க்குள்ளயே சொல்லிக்குவேன். சில நாள் வாய்க்கு வெளியவும் வந்துடும்.

அன்னிக்கு மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். அதை ஒட்டித்தான் பிசியோ கிளினிக். கண்ணாடி வழியா எட்டிப் பார்த்தா, நம்ம ஆளு ஒரு மணல் மூட்டையைக் கட்டிப்பிடிச்சு, பெஞ்சுலேர்ந்து தூக்கி, மெதுவா திரும்பி, நாற்காலியில வைக்கிறார். ஒரு தடவை இல்லை, எட்டுத் தடவை எண்ணினேன். மேடம் கைதட்டறாங்க. இவர் சிரிக்கிறார்.

அதுதான் சாயங்காலம் அப்படி வெடிச்சுட்டேன்.

"அந்த மூட்டை பதினஞ்சு கிலோதான், அண்ணி. இருபத்தஞ்சு வரணும். இன்னும் மூணு வாரம்..."

"எதுக்கு வரணும்? மெடல் வாங்கவா, தம்பி?"

ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் மூடிக்கிட்டார். மாமனார் கண்ணை மூடிக்கிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கிட்டார். அப்பவாவது நான் நிறுத்தியிருக்கலாம்.

"மூட்டையைத் தூக்கும்போது வலிக்காத முதுகு, அப்பான்னா மட்டும் வலிக்குமா? நல்லா இருக்குப்பா உன் வியாதி!"

கொழுந்தன் நேரா கட்டில்கிட்ட போனார். காலை அகட்டி வச்சு, முழங்காலை மடக்கி, அப்பாவை நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சார். சொல்லிக்கொடுத்தபடி சரியாத்தான் தூக்கினார். ஆனா பாதியில மாமனார் பயந்துட்டார். நல்லா இருக்கற இடது கையால மகனோட கழுத்தைப் பிடிச்சு ஒரு இழு இழுத்தார். மணல் மூட்டை பயப்படாது. மனுஷன் பயப்படுவாரே, அது எனக்குத் தோணவே இல்லை.

கொழுந்தன் ஒரு பக்கமா முறுக்கிக்கிட்டு நின்னார். அப்பவும் அப்பாவை விடலை. நாற்காலியில பத்திரமா உட்கார வச்சார். அப்புறம்தான் அப்படியே தரையில சரிஞ்சார். முகமெல்லாம் வேர்வை.

"அப்பாவுக்கு அடி ஒண்ணும் படலையே, அண்ணி?"

மறுநாள் ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்தாங்க. டிஸ்க் முன்னைவிட மோசமா விலகியிருக்காம். இனிமே ஆபரேஷன்தானாம்.

விஷயம் கேள்விப்பட்டு பிசியோ மேடம் வார்டுக்கே வந்துட்டாங்க. வந்ததும் பொரிஞ்சு தள்ளினாங்க.

"அஞ்சு மாசம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டு வந்தோமே, எல்லாம் போச்சே! யாரு உங்களைத் தூக்கச் சொன்னது?"

கொழுந்தன் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கலை. "யாரும் சொல்லலை, மேடம். நானாத்தான் அவசரப்பட்டுட்டேன்."

பக்கத்துலயேதான் நின்னேன். நாலு வீட்டுக்குக் கேட்கற மாதிரி பேசற இந்த வாய், அன்னிக்குத் திறக்கவே இல்லை. இப்ப நினைச்சாலும் என்னை நானே அறைஞ்சுக்கலாம் போல இருக்கு.

வெளியில வந்ததும் மேடம் கொஞ்சம் தணிஞ்சாங்க. பையிலேர்ந்து, கிளினிக்ல கொழுந்தனுக்குக் கொடுத்த பயிற்சி நோட்டை எடுத்தாங்க.

"அவங்க அப்பா எடை ஐம்பது கிலோ. ஒரு காலை ஊன்றினார்னா, தூக்கறவங்க மேல பாதி எடைதான் வரும். அதுக்குத்தான் இருபத்தஞ்சு. உங்ககிட்ட சொல்லச் சொன்னேன். 'என்னால முடிஞ்சா தானா தெரியட்டும், முடியலைன்னா அண்ணி ஏமாந்துடுவாங்க'ன்னு சொல்லிட்டார். இந்த முதல் பக்கத்தை நீங்க பார்த்திருந்தா, நீங்களாவது அவரைத் தடுத்திருப்பீங்க."

முதல் பக்கத்துல ஒரே ஒரு கேள்வி அச்சடிச்சிருந்துச்சு: 'குணமானதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?'

அதுக்குக் கீழ கொழுந்தனோட கோணல் எழுத்து.

'அப்பாவை நான் தூக்கணும். அவரை உட்கார வச்சுட்டு அண்ணி இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிமிர்றாங்க, யார்கிட்டயும் சொல்றதில்லை. என் முதுகு போனது போகட்டும், அவங்க முதுகும் போயிடக் கூடாது.'