எதிர்க்கடை க்ளிக்

"சாரே, யாரோ வேணும்னே நம்ம விளம்பரத்துல கை வைக்கறான்" என்றான் சுனில்.

பகவதிப்பெருமாள் துடைத்துக்கொண்டிருந்த உருளியைக் கீழே வைத்தார்.

சாலைக் கடைத்தெருவில் அவருக்குப் பரம்பரைப் பாத்திரக்கடை. இந்த வருஷம்தான் கழக்கூட்டத்திலிருந்து கம்ப்யூட்டர் தெரிந்த மலையாளப் பையன் சுனிலைப் பிடித்து, கடைக்கு வெப்சைட்டும் கூகுளில் விளம்பரமும் போட்டிருந்தார். 'உருளி' என்று யார் தேடினாலும் இவர் கடைதான் முதலில் வரும். அதை ஒருவர் அமுக்கினால், பாத்திரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், இவர் காசு கரையும்.

"கை வைக்கறான்னா?"

"தெனமும் கடை திறக்கிற நேரம். ஒரே போன். அமுக்கறான், உடனே ஓடிப் போறான். விலை பாக்கலை, போன் போட்டு விளிக்கலை, ஒண்ணுமில்ல. ஆளு இந்தச் சாலைப் பக்கம்தான்."

பகவதிப்பெருமாளின் பார்வை தானாகத் தெருவைக் கடந்தது. எதிரே மகாராஜா என்பவரின் பாத்திரக்கடை.

"அவன்தான்டே."

"தெளிவு வேணுமே சாரே. கண்ணால பாத்தாத்தானே."

ஒரு காலத்தில் இரண்டு பேரும் அப்படி ஒரு சிநேகம். காலையில் கடை திறந்ததும் இவர் அங்கே போய் ஒரு கரண்டி வாங்குவார். மகாராஜா இங்கே வந்து ஒரு கரண்டி வாங்குவார். முதல் கைநீட்டம் வேண்டியவன் கையால் நடந்தால் அன்று முழுக்க வியாபாரம் ஓடும் என்று ஒரு நம்பிக்கை. இரண்டு வீட்டிலும் அரிசி மூட்டையைவிடக் கரண்டி மூட்டை பெரிதாகிவிட்டது.

அப்புறம் ஒரு கல்யாண மண்டபத்து ஆர்டர் தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிற்று. பேச்சு நின்றது. கரண்டியும் நின்றது. மூன்று வருஷம்.

மறுநாள் காலை, பெரிய பாயச உருளிக்குப் பின்னால் இரண்டு தலைகள் பதுங்கியிருந்தன. சுனில் மடியில் லாப்டாப்.

எதிரே மகாராஜா ஷட்டரைத் தூக்கினார். சாமி படத்துக்குச் சாம்பிராணி காட்டினார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, போனை எடுத்தார். ஒரு நிமிஷம் கண்ணை மூடினார்.

"மந்திரம் போடுதான், பாவி" என்று பல்லைக் கடித்தார் பகவதிப்பெருமாள்.

மகாராஜாவின் விரல் இறங்கியது. லாப்டாப்பில் ஓர் ஆள் வந்தான், போனான்.

"ஐயோ, லைவா மாட்டிக்கிட்டார்!" சுனில் துள்ளினான். "அந்தப் போனை ப்ளாக் பண்ணிரலாம் சாரே. ரெண்டு நிமிஷ வேலை."

"பொறு. அவனும் விளம்பரம் போட்டிருக்கான்லா?"

"அதே, போட்டிருக்கார். அவர் மக ஆதிரா பாத்துக்கறா."

"அப்ப நாமளும் அமுக்குவோம்."

"அது தப்பு சாரே..."

"அவன் அமுக்கினா வியாபாரம், நான் அமுக்கினா தப்பாடே?"

மதியச் சோறு கொண்டுவந்த வடிவாம்பாள், கணவர் போனைக் குத்துகிற வேகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள்.

"என்னத்துக்கு இப்பிடிக் குத்துதீக? போன் உடைஞ்சிராதா?"

"நீயும் குத்து. கேள்வி கேக்காத."

குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் செய்தி போயிற்று: 'எல்லாரும் மகாராஜா கடை விளம்பரத்தை உடனே அமுக்கவும். காரணம் பிறகு.'

நாகர்கோவில் மைனி சீரியல் பார்த்துக்கொண்டே அமுக்கினாள். தோவாளை மாப்பிள்ளை பூக்கட்டுகளுக்கு நடுவில் நின்று அமுக்கினார். ஆரல்வாய்மொழிச் சித்தப்பாவுக்குக் கை நடுக்கம். அமுக்கின அமுக்கில் ஒரு தோசைக்கல்லை ஆர்டரே செய்துவிட்டார்.

அடுத்த நாள் காலை மகாராஜா தெருவில் இறங்கினார். ஆட்டோ ஹாரன் அடித்தது. அவர் காதில் விழவில்லை. நேரே இந்தப் பக்கம் வந்தார்.

பகவதிப்பெருமாள் கைக்குக் கிடைத்த கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி" என்றார் மகாராஜா. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நேத்து எங்க கடை விளம்பரத்துக்கு ஆள் வந்து குவிஞ்சிருக்குன்னு ஆதிரா காட்டினா. தோசைக்கல்லு கேட்டது யாருன்னு பாத்தா, உங்க ஆரல்வாய்மொழிச் சித்தப்பா. அப்பவே எனக்கு எல்லாம் வெளங்கிப்போச்சு."

"அது வந்து, மகாராஜா..."

"நான் தெனமும் சாமிக்குக் காட்டிட்டு, உங்க கடையத்தான் மொதல்ல அமுக்குவேன். நேர்ல வந்து கரண்டி வாங்க மொகமில்ல. போன்லயாவது அண்ணாச்சிக்குக் கைநீட்டம் என் கையால நடக்கட்டுமேன்னு. உங்களுக்குத் தெரியாதுன்னுல்லா நெனச்சேன். அதுக்காவ குடும்பத்தோட சேந்து திருப்பிச் செய்யணுமா? ஒண்ணு போதாதா? இத்தனை எதுக்கு?"

"சாரே, அமுக்கினா காசு..." என்று வாய் திறந்த சுனிலின் காலை, பகவதிப்பெருமாளின் குதிகால் நசுக்கியது.

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டே போய் மறைந்தது.

"மூணு வருஷத்துக்கும் சேத்து, மக்கா" என்றார் பகவதிப்பெருமாள்.

சொல்லி முடித்ததும் அது உண்மைதான் என்று அவருக்கே தோன்றிவிட்டது.

மகாராஜா அவர் கையிலிருந்த கரண்டியை மெல்லப் பிரித்து எடுத்தார். காசை மேஜைமேல் வைத்தார். கரண்டியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு தெருவைக் கடந்தார்.

"நாளையிலேருந்து மறுபடியும் கரண்டி மூட்டையா!" என்று தலையில் கை வைத்தாள் வடிவாம்பாள். கண் என்னவோ கலங்கித்தான் இருந்தது.

சுனில் காலைத் தேய்த்துவிட்டபடி கேட்டான். "இனி அவர் நேர்லயே வருவாரே சாரே. அந்தப் போனை ப்ளாக் பண்ணட்டே?"

"அவன் கை மேல கைவைக்காத" என்றார் பகவதிப்பெருமாள். "வேணும்னா மத்தவனுக எல்லாரையும் ப்ளாக் பண்ணு."