கடைசி வரியில் பத்து எண்கள்

கண்ணாடிக் கடையில், மேசை விளக்கின் கீழே அந்தப் பெண்ணின் மூக்குக்கண்ணாடி கிடக்கிறது, இடது காதில் மாட்டும் கம்பி உள்பக்கமாக மடிந்து. நான்கு மாதத்தில் இது மூன்றாவது தடவை. "கீழ போட்டுட்டா. இவ கையில எதுவும் நிக்காது," என்று சிரிக்கிறான் அவள் புருஷன். அவள் தரையைப் பார்க்கிறாள். கண்ணாடிக் கடைக்காரி கம்பியை விரலால் தடவுகிறாள். இருபது வருஷமாக வளைந்ததையெல்லாம் நிமிர்த்திய விரல். கீழே விழுந்தால் இப்படி மடங்காது. முகத்தில் இருக்கும்போது அறை விழுந்தால்தான் மடங்கும். "பவரையும் பாத்துடலாம். உள்ள ஒருத்தர்தான் வரணும் சார்," என்று அவளை அழைத்துப்போய்த் திரையை இழுத்துவிடுகிறாள். உள்ளே, படித்துக் காட்டும் அட்டையின் கடைசி வரிகளைத் தொட்டுக் காட்டுகிறாள். 'வீட்டில் அடிக்கிறார்களா? கூப்பிடுங்கள்' என்ற பொடி எழுத்துக்குக் கீழே ஒரு தொலைபேசி எண். அவள் திரையைத் திரும்பிப் பார்க்கிறாள். "நம்பரை மட்டும் சத்தமாப் படிம்மா." படிக்கிறாள். "எழுதித் தரட்டுமா?" என்று காதோரம் கேட்கிறாள் கடைக்காரி. "வேணாங்க்கா. பைய தினம் கொட்டிப் பாப்பாரு." "சரி, அப்ப இன்னொரு தடவை படி." திரைக்கு வெளியே நாற்காலி கிரீச்சிடுகிறது. "எத்தன தடவ அதையே படிப்பா?" "கடைசி வரிதான் சார், இதோ முடிஞ்சிடும்." கடைக்காரி அட்டையைக் கவிழ்த்து வைக்கிறாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, அந்தப் பெண் பத்து எண்களையும் சத்தமாகப் படிக்கிறாள், ஒன்றுகூடத் தப்பாமல்.