பொம்மையார்பாளையத்துக்காரி

"கீதாஞ்சலி வீடு இதுதானுங்களா?"

கேட்டவளை அம்சவள்ளி மேலும் கீழும் பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். தெருமுனையில் ஆட்டோவை நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறாள். ஆட்டோவுக்குள் இன்னும் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க எங்கேந்து வர்றீங்க?"

"பொம்மையார்பாளையம்."

அம்சவள்ளிக்குச் சுருக்கென்றது. மேஸ்திரி சடையப்பனுக்கும் அதே ஊர்தான். சுனாமிக்குப் பிறகு உப்பளம் மறுபடி ஓட ஆரம்பித்த போன கோடையில், மோட்டார் கொட்டகையில் வைத்து அவள் மகளிடம் தகாத முறையில் நடந்த பாவி. ஜாமீன் வாங்கிக்கொண்டு, இப்போது சலவைச் சட்டையோடு ஊர் சுற்றுகிறான். நாளைக்குக் கோர்ட்டில் கீதாஞ்சலி சாட்சி சொல்ல வேண்டும்.

ஏற்கெனவே இரண்டு ஆம்பளைகள் சமாதானம் பேச வந்து வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள். இப்போது பொம்பளையை அனுப்பியிருக்கிறானாக்கும், கில்லாடிதான்.

"அவ ஊர்ல இல்ல," என்று கூசாமல் புளுகினாள். கதவுக்குப் பின்னால் மகள் நிற்பது அவளுக்குத் தெரியும்.

"பரவால்லக்கா. அவ மொதல்ல யார்கிட்ட சொன்னா? உங்ககிட்டயா?"

"அது உனக்கு எதுக்கு?"

"சொன்னதும் நம்பிட்டீங்களா? அடிக்கலியே? ஸ்டேஷன்ல பொம்பள போலீஸ் இருந்தாங்களா?"

எல்லாம் வக்கீல் சொல்லிக்கொடுத்து அனுப்பிய கேள்விகள். நாளைக்கு இதை வைத்தே மகளை மடக்கிவிடுவார்கள். சுவரில் சாய்த்திருந்த உப்பு வாரும் பலகையைக் கையில் எடுத்தாள் அம்சவள்ளி.

"சடையப்பன் உனக்கு என்னா வேணும்? மறைக்காம சொல்லு."

வந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். "வூட்டுக்காரரு."

"அடிப்பாவி. புருஷனக் காப்பாத்த எங்க வாசலுக்கே வந்துட்டியா? எம்பொண்ணு பின்வாங்க மாட்டா. மரியாதையா போயிடு."

அவள் போகவில்லை. ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அதுல எம்பொண்ணு இருக்காக்கா. பத்தாவது படிக்கிறா. நேத்துதான் எங்கிட்ட வாயத் தொறந்தா. அவங்கப்பன் மேல புகார் குடுக்கப் போறோம். ஸ்டேஷன் படி ஏற பயப்படுறா. உங்க பொண்ணு தொணைக்கு வருமான்னு கேக்க வந்தேன்."

அம்சவள்ளி பலகையைக் கீழே வைப்பதற்குள், கதவைத் திறந்துகொண்டு வந்த கீதாஞ்சலி செருப்பை மாட்டி, ஆட்டோவை நோக்கி நடந்தாள்.