தணிகைவேலின் காலர் விளக்கு

புரிந்து பேசினால் மட்டுமே எரியும் காலர் விளக்கை மாட்டாமல் யாரும் மேடையேறக் கூடாதென்று சட்டம் வந்த பிறகும் தணிகைவேலின் வாய் ஓயவில்லை. குடியிருப்புச் சங்கத் தலைவர் பதவிக்கு நின்றவர், பொருளாதாரம், மூளை நரம்பு, செவ்வாய் மண் என்று கூட்டத்தில் அளந்து தள்ளினார். விளக்கு மினுக்கென்றுகூட எரியவில்லை. சனம் சிரித்தது.

மறுநாள் விளக்குக் கடையில் சீறினார். "மட்டமான சரக்கு! என் அறிவு இதுக்கு எட்டல."

கடைக்காரர், தணிகைவேலுடன் வந்திருந்த அவர் மனைவி சுகிர்தாவிடம் திரும்பினார். "வீட்டுல எப்பவாவது எரிஞ்சுதாம்மா?"

இத்தனை வருஷமாகத் தலையாட்டியே கழுத்து நொந்திருந்த சுகிர்தா முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"நேத்து எரிஞ்சுதுங்க. கழட்டாமலே தூங்கிட்டாரு. தூக்கத்துல, 'ஐயோ, எனக்கு ஒண்ணுமே தெரியாதே'ன்னு புலம்பினாரு. ரூமே பளிச்சுன்னு ஆயிடுச்சு."