பூசணிக்காய்ப் போட்டி

நெய்வேலி தேவாலயத்தில் அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வந்த காய்கறிகளைக் கடலூரிலிருந்து வந்திருந்த போதகர் ஏலம் விட்டார்.

"பூசணிக்காய்க்குப் பத்து ரூபா!" என்றார் நிலக்கரிச் சுரங்க ஆபரேட்டர் ஞானாபரணம்.

"இருபது!" பெண்கள் வரிசையிலிருந்து கிருபாவதி எழுந்தாள்.

"அம்பது!"

"நூறு!"

சபை சிரித்தது. போதகர் பதறினார். "கர்த்தருக்குக் குடுக்கறதுல வீம்பு வேணாங்க!"

"வீம்பு இல்லீங்க ஐயா. ரேடியோவுக்கு ஆசைப்பட்டுச் சேத்தது. எனக்குக் கர்த்தர் போதும். நூத்தம்பது!" என்றார் ஞானாபரணம்.

"நான் வளையலுக்குச் சேத்தேன். எனக்கும் அவர் போதும். எரநூறு!"

ஞானாபரணம் தோற்று உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் குடுத்துட்டு என்னம்மா சமைப்பீங்க?" என்றார் போதகர்.

"கர்த்தர் குடுத்த பூசணிக்காய் இருக்குதே!" கிருபாவதி அதை ஞானாபரணத்தின் கையில் வைத்தாள். "அந்த ரேடியோ பணத்தையும் காணிக்கைப் பெட்டியில போட்டுட்டு, இதைத் தூக்கிக்கினு வாங்க. நம்ம வூட்டுக்குப் போவலாம்."