டிராகனின் நடை

பழைய டிராகன் படம் ஒன்றின் படப்பிடிப்பு அரங்கை, மக்கள் பார்ப்பதற்காக அப்படியே கட்டிக் காத்து வைத்திருந்தார்கள். படத்தை எண்பது தடவை பார்த்த மனைவி முதல் ஆளாய் உள்ளே நுழைந்தாள். கணவர் வழக்கம்போல எல்லோரையும் போகவிட்டுக் கடைசியில் வந்தார்.

வழிகாட்டி ரப்பர் டிராகனைக் காட்டினான். "உள்ளே ரெண்டு பேர் இருந்து நடக்க வெச்சாங்க. ஒரு பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கும், ஞாபகம் இருக்கா? பழைய போர்க்காயமாம். அந்த நடைக்காக டைரக்டர் ஆறு மாசம் மண்டையை உடைச்சுக்கிட்டாராம்."

"ஒருத்தரும் உடைச்சுக்கல," என்றாள் மனைவி.

"சும்மா இரேன்," என்று பின்னாலிருந்து கணவர் முனகினார்.

"முப்பது வருஷம் சும்மா இருந்தாச்சு." அவள் வழிகாட்டியிடம் திரும்பினாள். "பின்னங்கால் இவர்தான் தம்பி. சின்ன வயசுலேருந்து இவர் நடையே அதுதான். படம் பார்த்த கையோட, உள்ளே இருந்தது யாருன்னு தேடிப் பிடிச்சுக் கட்டிக்கிட்டேன்."

கூட்டம் மொத்தமும் திரும்பியது. வழிகாட்டியின் குரல் தணிந்தது. "சார், அந்தக் குகை வாசல் வரைக்கும் ஒரு தடவை நடந்து காட்டுறீங்களா?"

தன் நடை யார் கண்ணிலும் படக் கூடாதென்று எந்தக் கூட்டத்திலும் கடைசியில் வருகிறவர், அன்று எல்லோருக்கும் முன்னால் காலை இழுத்து இழுத்து நடந்தார்.